பட்டியலில் தெரியாத ஆட்டம்

காற்பந்தைப் பற்றி ஆராய்ச்சிப் பக்கத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார் உளர். பாட்டை மதிப்பிட இலக்கணம் வேண்டும், கூத்தை மதிப்பிட மரபறிவு வேண்டும் என்று ஒப்புக்கொள்ளுகிற அன்பர்களே, ஆட்டம் என்று வந்துவிட்டால் வென்றார், தோற்றார் என்னும் இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். தோற்றவர் ஊர் திரும்பும் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு அந்த இரண்டு சொற்கள் ஓரளவு போதும். பிரிவுச் சுற்று ஆட்டங்களுக்குப் போதா. சிங்கப்பூரில் நம்மவர் இந்தச் சுற்றைப் பார்க்கும் பார்வையில் ஒரு குறை இருக்கிறது என்பதே என் கருத்து.

பிரிவுச் சுற்று என்பது யாது? நான்கைந்து குழுக்களை ஒரு பிரிவாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் மோதவிட்டு, புள்ளிகளைக் கூட்டி, மேலிடத்தாரை அடுத்த சுற்றுக்கு அனுப்புவது. சொல்வதற்கு எளிது. ஆனால் இங்கே ஓர் ஆட்டத்தின் பொருள் அந்த ஆட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. தனியே நின்று பொருள் முற்றுவது முத்தகம். பல பாட்டாக நடந்து ஒரே வினையைக் கொண்டு முடிவது குளகம். இறுதியாட்டத்தை முத்தகம் எனலாம். பிரிவு ஆட்டமோ குளகத்தில் ஒரு பாட்டு. அதன் வினைமுற்று வேறோர் ஆட்டத்தில், சில வேளைகளில் வேறோர் ஊரில் கிடக்கும்.

இதை மறந்துவிட்டு, மறுநாள் காலையில் நாளிதழில் வரும் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பட்டியல் பொய் சொல்லாது. ஆனால் முழுவதையும் சொல்லாது. 2019ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் இந்தியா தன் பிரிவில் கடைசி இடம். அதே இந்தியா, அப்பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற தாய்லாந்தை 4-1 என்று வென்றிருந்தது. பட்டியலைப் பார்ப்பவன் இந்தியா எளிதில் வீழ்ந்தது என்பான். பஹ்ரைனுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், 90 நிமிடமும் கடந்த பின் கிடைத்த ஒரு பெனால்ட்டியால்தான் அது வீழ்ந்தது என்பதைப் பட்டியல் எங்கே எழுதி வைத்திருக்கிறது?

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1984 டிசம்பரில் ஆசியக் கிண்ணப் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. 1973இல் திறக்கப்பட்டு 2007இல் மூடப்பட்ட காலாங்கின் பழைய தேசிய விளையாட்டரங்கமே களம். பத்துக் குழுக்கள், ஐந்தைந்தாக இரண்டு பிரிவுகள். சிங்கப்பூர் போட்டியை ஏற்று நடத்தும் நாடு என்னும் உரிமையில் இடம் பெற்றது. இந்தியா தகுதிச் சுற்றில் ஆடி வந்தது. இரண்டும் ஒரே பிரிவில் அமைந்தன. உடன் இருந்தவை சீனா, ஈரான், ஐக்கிய அரபுச் சிற்றரசுகள்.

சிராங்கூன் சாலையிலிருந்து காலாங் அதிகத் தொலைவில்லை. தந்தை பிறந்த நாடும் தான் பிறந்த நாடும் எதிரெதிரே நிற்கும் ஆட்டத்தைக் காண அங்கிருந்து ஒருவன் புறப்பட்டுப் போனால், அவன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இந்தியாவா, சிங்கப்பூரா? விடையும் கிடைத்தது. சிங்கப்பூர் 2-0 என வென்றது. முடிவில் சிங்கப்பூருக்கு ஒரு வெற்றி, ஒரு சமநிலை, இரண்டு தோல்வி. மூன்று புள்ளியோடு நான்காம் இடம். இந்தியாவுக்கு ஒரே புள்ளி, அடித்த கோல் ஒன்றுமில்லை, வாங்கியவை ஏழு, ஐந்தாம் இடம். இருவரும் வெளியேறினர். பட்டியலை மடித்து வைத்துவிடலாம் என்று தோன்றும்.

மடிக்காமல் மேலே பாருங்கள். அப்பிரிவில் சீனாவும் ஈரானும் தலைக்கு ஆறு புள்ளி பெற்றன. அந்நாளில் வெற்றிக்கு இரண்டு புள்ளியே. நேருக்கு நேர் மோதியபோது ஈரான் சீனாவை 2-0 என வென்றிருந்தது. அரபுச் சிற்றரசுகளையும் 3-0 என வென்றிருந்தது. அப்படியிருந்தும் முதலிடம் பெற்றது சீனா. காரணம் கோல் கணக்கு: சீனா 10 அடித்து 2 வாங்கியது, ஈரான் 6 அடித்து 1 வாங்கியது. சரி, சீனாவையே வென்ற ஈரான் ஏன் கோல் கணக்குப் பார்க்கும் நிலைக்கு வந்தது? இரண்டே இரண்டு ஆட்டங்களில் அது வெல்ல முடியாமற் போனதால். ஒன்று சிங்கப்பூருடன், 1-1. மற்றொன்று இந்தியாவுடன், கோலின்றிச் சமநிலை.

நான்காம் இடத்தாரும் ஐந்தாம் இடத்தாரும் சேர்ந்து பிரிவின் தலைமையைத் தீர்மானித்துவிட்டார்கள்! இரண்டில் ஒன்றை ஈரான் வென்றிருந்தாலும் ஏழு புள்ளி, முதலிடம் அதற்கே. அரையிறுதியில் குவைத்தைச் சந்தித்திருக்கும். இரண்டாம் இடத்தில் நின்றதால் சவூதி அரேபியாவைச் சந்தித்தது. 1-1 என முடிந்த ஆட்டத்தில் பெனால்ட்டி உதைகளில் தோற்றது. சீனா குவைத்தைக் கூடுதல் நேரத்தில் 1-0 என வென்று இறுதிக்குப் போயிற்று. டிசம்பர் 16ஆம் நாள் சவூதி சீனாவை 2-0 என வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது. ஈரான் குவைத்தோடு மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது என் வேலையன்று. சவூதி, சீனா, ஈரான் என்று மூன்று பெரிய நாடுகள் நடந்த பாதை, போட்டியில் இனிப் பெறுவதற்கு அதிகமில்லாத இரண்டு குழுக்களின் உழைப்பால் வகுக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்க இயலாத இந்தியா, அந்த ஓர் ஆட்டத்தில் ஒரு கோலும் கொடுக்காமல் நின்றது. அதுவன்றோ அதன் சாதனை! இந்தியாவா சிங்கப்பூரா என்று கேட்டவன், இந்தியாவும் சிங்கப்பூரும் தம்மை அறியாமலே கூடிச் செய்த காரியத்தைக் காணாமல் வீடு திரும்பினான்.

(வெற்றிக்கு மூன்று புள்ளி என்னும் இன்றைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சீனா 9, ஈரான் 8. கோல் கணக்குக்கே இடமில்லை. அந்த இரண்டு சமநிலைகளின் விலை இன்னும் ஏறுகிறதே தவிரக் குறையவில்லை.)

ஆகவே பிரிவுச் சுற்று ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: தனக்கு ஒன்றும் கிடைக்காத ஆட்டத்திலும் ஒரு குழு முழுமூச்சோடு ஆடும் என்ற நம்பிக்கை. அது தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் வழக்கமாகக் காட்டும் சான்று 1982ஆம் ஆண்டு உலகக் கிண்ணம். அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி 1-0 என வென்றால் இருவருக்கும் இடம் உண்டு, அல்ஜீரியாவுக்கு இல்லை. அந்தக் கோல் தொடக்கத்திலேயே விழுந்தது. அதன்பின் இரு குழுவும் பந்தை உருட்டிப் பொழுது போக்கின. அதற்குப் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற விதி வந்தது.

ஆனால் நமக்கு நெருங்கிய சான்று வேறொன்று உண்டு. அதில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு, ஆடாமலே. 1998ஆம் ஆண்டு வியட்நாமில் நடந்த டைகர் கிண்ணப் போட்டி. ஹனோயில் ஆடிய பிரிவில் சிங்கப்பூர் முதலிடம், வியட்நாம் இரண்டாம் இடம். இருவருக்கும் ஏழு புள்ளி. தமக்குள் கோலின்றிச் சமநிலை. லாவோஸை இருவரும் 4-1 என வென்றனர். வேறுபாடு மலேசியாவுக்கு எதிரான ஆட்டத்தில் மட்டுமே: வியட்நாம் 1-0, சிங்கப்பூர் 2-0. அந்த இரண்டாவது கோல் இல்லையேல் இரு குழுக்களின் கணக்கும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கும்.

ஹோ சி மின் நகரில் மற்றப் பிரிவு. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் ஏற்கெனவே தேறிவிட்டன. ஆகஸ்டு 31இல் அவை மோதின. வெல்பவர் ஹனோய்க்குப் பயணம் போய், சொந்த மண்ணில் ஆடும் வியட்நாமை எதிர்க்க வேண்டும். தோற்பவர் இருந்த ஊரிலேயே தங்கிச் சிங்கப்பூரை எதிர்க்கலாம். இருவருக்கும் தோற்க ஆசை. 2-2 என்று நிற்கையில், ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தோனேசியர் தம் சொந்தக் கோலை நோக்கியே பந்தைக் கொண்டுபோயினர். தாய்லாந்துக்காரர் ஓடி வந்து எதிரியின் கோலைக் காத்தனர்! இறுதியில் முர்ஷித் எஃபெண்டி என்னும் இந்தோனேசியத் தற்காப்பாளர் தம் வலைக்குள்ளேயே பந்தை உதைத்துவிட்டார். தாய்லாந்து 3-2 என ‘வென்றது’.

இரு நாட்டுச் சங்கங்களுக்கும் தலைக்கு 40,000 அமெரிக்க டாலர் அபராதம்; எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் ஆயுள் தடை. தண்டனை தகும். ஆனால் பாதித் தண்டனைதான் என்பேன். உதைத்த காலைத் தண்டித்தார்கள். தோற்றால் நன்மை என்னும்படி அட்டவணை வகுத்த கையை யாரும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் ஆடவேண்டும் என்ற விதியும் இங்கே உதவாது. ஹனோய்ப் பிரிவின் முடிவு முன்பே தெரிந்துவிட்டதே.

அவர்கள் செய்தது ஆட்டக் கலைக்கு இழுக்கு, சிங்கப்பூருக்கோ அவமதிப்பு. எளிய இரை என்றல்லவா நினைத்தார்கள்? செப்டம்பர் 3இல் சிங்கப்பூர் இந்தோனேசியாவை 2-1 என வென்றது. அதே சுற்றில் தாய்லாந்து வியட்நாமிடம் 0-3 என வீழ்ந்தது. 5ஆம் நாள் ஹனோய் இறுதியாட்டத்தில் ஆர். சசிகுமாரின் மேல் பட்டு உள்ளே போன ஒரே கோலால் கிண்ணம் சிங்கப்பூருக்கு வந்தது. இந்நாட்டின் முதல் வட்டாரக் கிண்ணம் அது. அந்தக் கோலை நம்மவர் இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள், பேசட்டும். தமிழ்ப் பெயர் ஒன்று நாட்டின் காற்பந்து வரலாற்றில் அப்படி ஏறி நிற்பது சிறிய செய்தியன்று. ஆயினும் மலேசியாவுக்கு எதிரான அந்த இரண்டாவது கோலை எவரும் பேசக் கேட்டதில்லை. சிங்கப்பூரை முதலிடத்தில் நிறுத்தி, இரண்டு பெரிய குழுக்களைத் தோல்விக்கு ஆசைப்பட வைத்தது அந்தக் கோல்.

நாற்பத்தோர் ஆண்டு கழித்தும் இந்தியாவும் சிங்கப்பூரும் ஒரே பிரிவில் இருந்தன. 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்று. உடன் ஹாங்காங், பங்ளாதேஷ். முதலிடத்தார் மட்டுமே தேறுவர். 2025 அக்டோபர் 9இல் புதிய தேசிய விளையாட்டரங்கில் சிங்கப்பூர் முன்னிலையில் இருந்தது. இந்தியா பத்துப் பேராகக் குறைந்தும் 90ஆவது நிமிடத்தில் ரஹிம் அலி சமன் செய்தார். தேக்காவில் அன்றிரவு மகிழ்ந்தவரும் இருந்திருப்பர், வருந்தியவரும் இருந்திருப்பர். இருவரையும் குறை கூற நான் துணியேன். 14ஆம் நாள் கோவாவில் சொங் உய் யங்கின் இரண்டு கோல்களால் சிங்கப்பூர் 2-1 என வென்றது. நவம்பர் 18இல் ஹாங்காங்கிலும் 2-1. சிங்கப்பூர் ஆசியக் கிண்ணத்துக்குத் தன் ஆட்டத் திறனால் தகுதி பெற்றது அதுவே முதல் முறை.

கோவா வெற்றியைக் கொண்டாடியவர்கள் அதே அக்டோபர் 14இல் ஹாங்காங்கில் நடந்ததைப் பார்த்தார்களா? பங்ளாதேஷ் அங்கே 1-1 எனச் சமநிலை கண்டது. அதற்கு முன் மூன்று ஆட்டங்களில் ஒரே புள்ளி பெற்றிருந்த குழு அது. அன்று ஹாங்காங் வென்றிருந்தால் பத்துப் புள்ளியோடு நவம்பரில் சிங்கப்பூரை வரவேற்றிருக்கும். அந்த வெற்றிக்குப் பிறகும் சிங்கப்பூரின் இடம் உறுதியாகியிராது. மற்றொன்றும் உண்டு. ஓர் ஆட்டம் மிச்சமிருக்கும்போதே இடம் உறுதியானது, இருவர் புள்ளி சமமானால் நேருக்கு நேர் மோதியதையே முதலில் பார்க்க வேண்டும் என்ற விதியால். 1984இல் ஈரானுக்குக் கிடைக்காத விதி அது. லிட்டில் இந்தியாவில் லெம்பு சாலைப் பக்கம் ஞாயிறுதோறும் கூடும் பங்ளாதேஷ் ஊழியர்களுக்கு இந்த ஊர் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று பாக்கியிருக்கிறது.

2027 போட்டியைப் பற்றி எனக்கொரு கவலை உண்டு. 24 குழுக்கள், ஆறு பிரிவுகள். மூன்றாம் இடத்தார் அறுவரில் நால்வரும் தேறுவர் என்பது ஏற்பாடு. 2019இலும் இதே முறைதான். அப்போது வியட்நாமும் லெபனானும் புள்ளியிலும் கோலிலும் ஒத்து நின்றன; மஞ்சள் அட்டை குறைவு என்பதால் வியட்நாம் தேறியது. வியட்நாம் தன் ஆட்டத்தை முடித்த மறுநாள்தான் லெபனான் ஆடியது. வட கொரியாவை 4-1 என வென்றும் வெளியேறியது. அன்று பிந்தி ஆடியவருக்குப் பயன் கிட்டவில்லை என்பது தற்செயல். பிந்தி ஆடும் பிரிவுக்கு முந்திய பிரிவுகளின் கணக்கு முழுவதும் கையில் இருக்கும். எத்தனை கோல் போதும், எந்தச் சமநிலை இருவரையும் காப்பாற்றும் என்று தெரிந்தே களத்தில் இறங்குவர். ஹிஹோனில் ஒரு பிரிவுக்குள் அடைத்த வாயில், பிரிவுகளுக்கு இடையே திறந்தே கிடக்கிறது. சிங்கப்பூர் மூன்றாம் இடத்தில் நிற்குமானால், அதன் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு, அது காலெடுத்து வைக்காத ஒரு களத்தில்தான் அதன் முடிவு எழுதப்படும்.