விகுதியைக் கடன் வாங்கினால் மொழி போய்விடுமா?

போன வருஷம் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில் விரிவுரையாளர் ஒருவர் சொன்னார்: "சொல்லைக் கடன் வாங்கலாம், பரவாயில்லை. விகுதியைக் கடன் வாங்கினால் மொழி போச்சு." கைதட்டல் எழுந்தது. கலந்து கெட்டுப்போன மொழிக்கு உதாரணமாக அடுத்து அவர் காட்டியது முஸ்லிம்களின் பேச்சுத் தமிழை. தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன்தான் நான். ஆனாலும் அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இலத்தீனில் 'ஆரியுஸ்' என்றொரு விகுதி உண்டு. 'அர்கெந்தும்' என்றால் வெள்ளி. 'அர்கெந்தாரியுஸ்' என்றால் காசு மாற்றுபவர். இலத்தீனின் பிள்ளைகளான ஸ்பானிய, பிரெஞ்சு மொழிகளில் இவ்விகுதி உருமாறி இருப்பது முதுசம். அதைக் கடனில் சேர்க்க முடியாது. பார்க்க வேண்டியது வேறு குடும்பத்து மொழிகளை.

4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளைக் கோதிக் மொழியில் பெயர்த்தார். கோதிக் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. அதில் 'போகா' என்றால் எழுத்து. வேதபாரகரைக் குறிக்க அவர் எழுதிய சொல் 'போகரீஸ்'. போதகருக்கு 'லைஸரீஸ்'. அடிச்சொல் உள்ளூர், விகுதி இலத்தீன். இன்றைய ஜேர்மன் 'லேறர்', ஆங்கில 'டீச்சர்' இரண்டின் கடைசி 'அர்' இந்த வழியில் வந்ததே. ஸ்லாவிய மொழிகளுக்கும் இது போனது: செக் மொழியில் 'ரிபா' மீன், 'ரிபார்ஷ்' மீன்காரர்.

விகுதி தனியே பயணம் போவதில்லை, சொல்லுக்குள் இருந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட சொற்கள் பல சேர்ந்த பிறகுதான் பேசுபவருக்குத் தையல் தெரிகிறது. பிரித்தெடுத்துத் தன் சொல்லில் ஒட்டுகிறார். சேராவிட்டால் ஒட்டுவதில்லை. ஆலு இம்ரான் 75ஆம் வசனத்தில் வரும் 'தீனார்' என்ற சொல்லின் மூலம் 'தெனாரியுஸ்' என்ற ரோம நாணயம். அதே விகுதிதான். ஆனால் அறபு அதைப் பிரித்தெடுத்துத் தன் தொழிற்பெயர்களில் ஒட்டவில்லை.

விரிவுரையாளரின் பயத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் வேட்டைக்காரர் 'ஹுன்டா', நெசவாளர் 'வெப்பா'. அந்தச் சொந்த விகுதி அழிந்தேவிட்டது. 'வெப்' போன்ற குடும்பப் பெயர்களில் அதன் தடம் மிச்சம். ஆனால் வந்த விகுதிதான் அதை விரட்டியது என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலத்தில் சொல்லின் ஈற்று உயிர்கள் தேய்ந்து தேய்ந்து இல்லாமற் போயின. வெறும் 'ஆ'வில் முடிந்த விகுதி அதனோடு போனது. தெளிவாகக் காதில் விழுந்த விகுதி நின்றது. ஆங்கிலமும் நின்றது.

நம்முடைய 'காரன்' எங்கிருந்து வந்தது? வடமொழி 'கார' என்பதிலிருந்து. 'பங்குதாரர்' என்பதில் உள்ள 'தார்' பாரசீகம். பால்காரனையும் மீன்காரனையும் யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் விரிவுரையாளரே ஆட்டோக்காரரைத்தான் கூப்பிட்டார்.

சரி, அவர் குறை சொன்ன நம் பேச்சில் என்ன நடக்கிறது? 'ஹாஜியார்' என்கிறோம், 'மௌலவிமார்' என்கிறோம். சொல் வெளியிலிருந்து வந்தது; 'ஆர்', 'மார்' தமிழ். இங்கே நாம் விகுதியைக் கடன் வாங்கவேயில்லை, கொடுத்திருக்கிறோம். அவருடைய அளவுகோலின்படியே பார்த்தாலும் இது தமிழ்தான்.

உயர்தர வகுப்பில் விகுதி படிப்பிக்கும்போது 'இது எந்த மொழியிலிருந்து வந்தது?' என்ற கேள்வியோடு இதுவரை நிறுத்திக்கொண்டேன். இனி இன்னொன்றும் கேட்பேன்: 'இதை நாம் எந்தெந்தச் சொற்களில் ஒட்டுகிறோம்?' ஒரு விகுதி நமக்குச் சொந்தமா இல்லையா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.