கன்சாஸில் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு

கோம்பையில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற அண்ணன் ஒருவர் கடைக்கு வெப்சைட் போட்டிருக்கிறார். யார் யார் வந்து பார்த்தார்கள் என்று மாதாமாதம் ரிப்போர்ட் வருகிறது. ஊருக்குப் போயிருந்தபோது என்னிடம் நீட்டினார். ‘தம்பி, தினம் நாலு தடவை நானே என் செல்லுல தொறந்து பாக்குறேன். கோம்பைன்னு ஒரு வரி இல்ல. சென்னைன்னு போட்டிருக்கு!’

ஐ.பி. எண்ணை வைத்து ஊரைச் சொல்கிற ரிப்போர்ட் அது. ஆனால் அந்த எண் கனெக்‌ஷனுக்குத் தருவது, ஆளுக்கு அல்ல. பழைய முறை எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. அதனால் செல்போன் கம்பெனிகள் ஒரே எண்ணுக்குப் பின்னால் ஏகப்பட்ட போன்களை நிறுத்துகின்றன. கம்பெனியின் கருவி சென்னையில் இருந்தால் அண்ணனும் சென்னைவாசி. எண்ணை மட்டும் எண்ணினால் அவரும் உத்தமபாளையத்துக்காரரும் ஒரே ஆள். அதே அண்ணன் கடை வைஃபையில் ஒருமுறை, தெருவில் ஒருமுறை பார்த்தால் இரண்டு ஆள்! (கோம்பை நாய்கூட ஆளைப் பார்த்துத்தான் குரைக்கும்.)

தப்பு வருவது பரவாயில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாததுதான் என் புகார். பி.காம். படித்தவர்கள், இனம் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடுவோம். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் மேக்ஸ்மைண்ட் நிறுவனம் என்ன செய்தது? ‘அமெரிக்காதான், ஊர் தெரியவில்லை’ என்கிற எண்களையெல்லாம் நாட்டின் நடுவே ஒரு புள்ளியில் போட்டது. சுமார் 60 கோடி எண்கள். புள்ளி விழுந்த இடத்தில், கன்சாஸ் மாநிலத்தில், ஒரு பண்ணை வீடு இருந்தது. போலீஸும் இன்டர்நெட்டில் ஏமாந்தவர்களும் வருஷக்கணக்கில் அங்கே போய்க் கதவைத் தட்டினார்கள். 2016ல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் புள்ளியை ஏரிக்குள் தள்ளினார்கள்.

நம் நாட்டில் ஜெயிலுக்கே போனார் ஒருவர். ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தியதாக, 2007 ஆகஸ்டில் பெங்களூரு சாஃப்ட்வேர் இளைஞரைப் புனே போலீஸ் பிடித்தது. ‘இந்த எண் இவருடையது’ என்று டெலிகாம் கம்பெனி கொடுத்த விவரம் தப்பு. அது தெரிந்து அவர் வெளியே வர 50 நாள் ஆனது. இன்றைக்குப் பலர் பகிர்கிற எண்ணில் ஆளைப் பிடிக்க, நேரம் நொடி சுத்தமாக வேண்டும், போர்ட் எண்ணும் வேண்டும். பல வெப்சைட்களின் பதிவேட்டில் போர்ட் எண் ஏறுவதே இல்லை.

‘ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்கண்ணே. போன் பண்றவங்ககிட்ட எந்த ஊருன்னு கேட்டு எழுதி வைங்க’ என்றேன்.

மேஜைக்கடியிலிருந்து நீளமான பேரேடு ஒன்றை எடுத்துப் போட்டார். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறாராம்.