பட்டம் வேண்டாம்னு அந்தக் கட்டுரை சொல்லுதா?

மழலையர் கல்வி பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் 2007-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "மூணு வயசுப் பிள்ளையைப் பாத்துக்க டிகிரி எதுக்குங்க? டிகிரி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஆராய்ச்சியே சொல்லிடுச்சே" என்பார். ரொம்ப நாளாக இதைக் கேட்டுக் கேட்டு, சரி, கட்டுரையையே உட்கார்ந்து படித்துவிடலாம் என்று படித்தேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

'சைல்ட் டெவலப்மென்ட்' என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை. முதல் ஆசிரியர் டயான் எர்லி. கூடவே ஒரு பெரிய பட்டாளம். அன்றைக்கு அமெரிக்காவில் சூடாக இருந்த கேள்வி இதுதான்: அரசுப் பணத்தில் நடக்கும் பாலர் பள்ளி ஆசிரியர்கள் இளங்கலைப் பட்டம், அதுவும் மழலையர் கல்வியில், வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போடலாமா? (அதே 2007 கடைசியில் 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்துக்கான சட்டம், 2013-க்குள் நாடு முழுக்க அதன் ஆசிரியர்களில் பாதிப் பேராவது பட்டதாரியாக இருக்கணும் என்று சொல்லிவிட்டது.) ஏற்கெனவே நடந்து முடிந்த ஏழு பெரிய ஆய்வுகளின் தரவை எடுத்து, நான்கு வயதுப் பிள்ளைகளின் ஆசிரியர் என்ன படித்திருக்கிறார், எந்தத் துறையில் படித்திருக்கிறார் என்பதை வைத்து வகுப்பறையின் தரத்தையும் பிள்ளைகளின் முன்னேற்றத்தையும் கணிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். பெரும்பாலும் முடியவில்லை. ஒரு தரவில் தொடர்பு தெரிந்தால் இன்னொன்றில் இல்லை. இன்னொன்றில் தலைகீழ்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். ஏழு தரவுகளையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி ஒரு எண்ணை எடுத்து நீட்டாமல், ஒரே கேள்வியை ஏழு இடத்திலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே சோதனையை ஏழு வெவ்வேறு சர்வரில் ஓட்டிப் பார்ப்பது மாதிரி. நேர்மையான வேலை. முடிவையும் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியரின் படிப்பை உயர்த்துவது *மட்டுமே* போதாது என்பதுதான் அவர்கள் சொன்னது. அந்த 'மட்டுமே' ஊர் சுற்றி வருகிற வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஆனால் கட்டுரையோடும் எனக்குச் சண்டை உண்டு. 'பட்டம்' என்பது அவர்கள் தரவில் ஒரு கட்டம். உண்டு அல்லது இல்லை. அதிகம் போனால் எந்தத் துறை. அந்தக் கட்டத்துக்குள் என்ன இருந்தது என்பது தரவுக்குத் தெரியாது.

இந்தப் படிப்புகளில் நல்லதாக நடப்பவற்றில் ஆரம்பத்திலேயே ஒரு பயிற்சி வரும். மாணவி வகுப்பறை மூலையில் நோட்டோடு உட்கார்ந்து ஒரே ஒரு குழந்தையைப் பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்து எழுத வேண்டும். செய்ததை மட்டும். "கோபமாக இருந்தாள்" என்று எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். "பொம்மையைத் தரையில் மூணு தடவை தட்டினாள், கதவைப் பார்த்தாள், மறுபடி தட்டினாள்" என்று எழுதணும். கோபமா, அம்மா வருகிறாளா என்ற ஏக்கமா, சத்தம் பிடித்துப்போய் விளையாடுகிறாளா என்பதெல்லாம் அப்புறம், பல நாள் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். லாகில் நடந்ததைத்தான் எழுதணும், நம் ஊகத்தை எழுதக்கூடாது. லாகுக்குள் ஊகம் புகுந்தால் அப்புறம் பிழையைப் பிடிக்கவே முடியாது. வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கே இந்த ஒழுக்கம் வருவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். வாய் பேசத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு இதைப் பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பயிற்சியை இரண்டு வருடம் தினமும் செய்த ஒருத்தியும், வளர்ச்சிப் படிநிலைகளை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிய ஒருத்தியும் தரவில் ஒரே கட்டம்தான். அப்போ அந்தக் கட்டத்துக்கும் பிள்ளையின் சொல்வளத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றால் அதிசயம் என்ன? கல்லூரிகள் சரியாகத் தயார்ப்படுத்தவில்லையோ என்ற சாத்தியத்தைக் கட்டுரையாளர்களே எழுப்புகிறார்கள். எழுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அவர்கள் எழுப்புகிற இன்னொரு சாத்தியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சந்தை. மழலையர் கல்வியில் பட்டம் வாங்கிய ஒருவருக்கு அமெரிக்காவில் இரண்டு வாசல் உண்டு. பொதுப் பள்ளிக்குப் போனால் ஆசிரியர் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம். குழந்தைகள் காப்பகத்தில் இருந்தால் அதைவிட ரொம்பக் குறைவு. முடிந்தவர்கள் முதல் வாசலில் போய்விடுவார்கள். நாம் அளப்பது பட்டத்தின் விளைவை மட்டும் அல்ல, இந்த வடிகட்டியில் தங்கினவர்களையும் சேர்த்துத்தான்.

அதனால்தான் பெரி பாலர் பள்ளி ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும் என்கிறேன். மிச்சிகனில் இப்சிலாண்டி ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்தது. மொத்தம் 123 குழந்தைகள், அதில் 58 பேருக்குத்தான் பள்ளி. மழலையர் கல்வியில் ஒரு டாலர் போட்டால் இத்தனை டாலர் திரும்பி வரும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அதற்கு மூலங்களில் ஒன்று இது. அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் பட்டம் பெற்று, சான்றிதழும் பெற்ற பொதுப் பள்ளி ஆசிரியர்கள். ஆளுக்கு ஐந்தாறு குழந்தைகள். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போவார்கள். லாபக் கணக்கைச் சொல்லும்போது இதை யாரும் சொல்வதில்லை. அந்த டாலர் கணக்கும் வேண்டும், 2007 கட்டுரையைக் காட்டி மலிவான ஆளும் வேண்டும் என்றால் எப்படி?

வாஷிங்டன் நகரத்தில் இது நேரடியாகவே நடந்தது. காப்பக ஆசிரியர்கள் இரண்டு வருட அசோசியேட் பட்டமாவது வாங்கணும் என்று 2016-ல் விதி போட்டார்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துவந்த பெண்கள் ராத்திரி வகுப்புக்குப் போக வேண்டிய நிலை. வழக்கு போட்டார்கள். 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அதே வருடம்தான் அந்த நகரம், பணக்காரர்கள் மேல் வரியைக் கூட்டி, இந்த ஆசிரியர்களுக்கு ஆளுக்கு 10,000 முதல் 14,000 டாலர் வரை கொடுக்கவும் செய்தது. வரிசை மாறியிருக்கணும், முதலில் சம்பளம், அப்புறம் விதி. ஆனாலும் இரண்டும் சேர்ந்தால்தான் அர்த்தம் என்று கடைசியில் ஒருவருக்காவது தோன்றியிருக்கிறது.

நான் பி.ஈ. படித்தவன். பட்டத்துக்கும் நல்ல நிரல் எழுதுவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அதைக் காட்டி எங்கள் சம்பளத்தை யாரும் குறைத்ததில்லை. "பட்டம் தேவையில்லை" என்பது எங்களிடம் வரும்போது "திறமை இருந்தால் போதும், வா" என்று ஆகிறது. பால்வாடி ஆசிரியையிடம் போகும்போது "யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று ஆகிறது. ஒரே வாக்கியம்தான்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஏன்னா இந்தக் கட்டுரையை இங்கேயும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஒரு வருட டிப்ளமோ என்கிறது. தொலைக்காட்சி, ஸ்மார்ட்போன் வழியாகவே படிக்கலாம், மாதம் ஒரு நேரடி வகுப்பாவது இருக்கணும் என்கிறது. குழந்தையைப் பார்த்து எழுதி, எழுதியதை ஒருவர் திருத்தித் தரும் அந்தப் பயிற்சி மாதம் ஒரு வகுப்பில் எப்படி நடக்கும்? படித்து முடித்தபின் ஊதியம் என்ன ஆகும்? 2018-ல் உயர்த்தியபோது மத்திய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய், அதன்மேல் மாநிலங்கள் சேர்ப்பது தனி. அதற்குப் பெயர் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம்.

தமிழ்நாட்டில் 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்களே, ஞாபகம் இருக்கா? போராட்டம், வழக்கு எல்லாம் நடந்தது. ஆசிரியர்கள் தரப்பில் இரண்டு வாதம். நாங்கள் பயிற்சி பெற்றது தொடக்கப் பள்ளிக்கு, மழலையர் கல்விக்கு இல்லை என்பது ஒன்று. இது எங்களைப் பதவி இறக்குவது என்பது இன்னொன்று. முதல் வாதம் முழுக்க நியாயம். மழலையர் கல்வி தனிப் படிப்பு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இரண்டாவது வாதத்தைக் கேட்டபோது, அதே கட்டடத்தில் அதே பிள்ளைகளை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அங்கன்வாடி அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசித்தேன்.