முதலாளியை வீழ்த்தியது எது?

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வெளிவந்தது. ஊர்ப் பெரியதனத்தையும் போலிச் சமயத்தையும் சாடும் நாவலாகவே நம்மவர் அதனைப் பெரும்பாலும் வாசித்துள்ளனர். அவ்வாசிப்புத் தவறன்று, ஆனால் போதாது. வடக்கு வீட்டு அஹமதுகண்ணு முதலாளி வெறும் வில்லனல்லர், அவலநாயகர்.

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ வீழ்வதற்கு, எளிதில் நம்பிவிடும் அவனது இயல்போடு அதனைப் பயன்படுத்திக்கொள்ள இயாகோ என்றொரு சூழ்ச்சிக்காரனும் வேண்டியிருந்தது. முதலாளிக்கு இயாகோ தேவைப்படவில்லை. அவரை ஊருக்குப் பெரியவராக்கிய குடிப்பெருமையே அவரைச் சரிக்கவும் செய்கிறது. செல்வம் கரைவதை ஒப்புக்கொள்ள அது விடவில்லை. சகோதரி மகன் பரீதை மகள் ஆயிஷா விரும்பியும், அந்தஸ்துக் கருதி அவளை வேறிடத்தில் கட்டிக்கொடுக்க வைக்கிறது. ஆசிரியர் மெஹபூப்கான் கொண்டுவரும் ஆங்கிலப் படிப்பை எதிர்க்க வைக்கிறது.

பிள்ளைகள் படித்தால் கொழுந்தெடுக்க ஆள் கிடைக்காது என்றெண்ணிய துரைமாரைக் கண்ட எங்கள் மலையகத்துக்கு இவ்வெதிர்ப்புப் புதிதல்ல. ஆனால் வேறுபாடுண்டு. துரைமார் அஞ்சியது இலாபத்துக்காக. முதலாளி அஞ்சியது, படித்தவன் தன் முன்னே குனியமாட்டான் என்பதற்காக.

இத்தகைய மனிதர் மீதும் நமக்கு இரக்கம் பிறப்பது மீரானின் வெற்றி. எனினும் அவ்விரக்கம் முதலாளியோடு நின்றுவிடலாகாது. அவர் தம் குணத்துக்குத் தாமே விலை கொடுத்தார்; ஆயிஷாவோ தந்தையின் குணத்துக்கு விலை கொடுத்தாள். அவலநாயகரைப் பற்றிப் பேசும் நம் விமர்சனம் அவளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.