எண்ட்கேம் எப்படி ‘நம்பிக்கை இல்லை’ ஆனது: கொரிய சப்டைட்டில் பற்றி ஒரு குறிப்பு

2018 ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ தென் கொரியாவில் வெளியானபோது, அதன் கொரிய சப்டைட்டில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை.

டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேலான எதிர்காலங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றில் மட்டும்தான் ஜெயிக்கிறோம் என்கிறார். பிறகு கல்லைத் தானோஸிடம் கொடுத்துவிட்டு, “இப்போது எண்ட்கேமில் இருக்கிறோம்” என்கிறார். எண்ட்கேம் சதுரங்கச் சொல். சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம். கொரியத் திரையில் வந்ததோ ‘இனி நம்பிக்கை இல்லை’ என்ற பொருள். கணக்குப் போட்டுக் காயை வெட்டுக் கொடுத்த மனுஷன், அங்கே கையை விரித்துவிட்ட ஆளாகத் தெரிந்தார். கதையின் முடிச்சே அவிழ்ந்துபோச்சு. அடுத்த படத்தின் பெயரே ‘எண்ட்கேம்’!

நிக் ஃப்யூரி சாம்பலாகும்போது பாதியில் நின்றுபோகும் கெட்டவார்த்தை வேறு ‘அம்மா...’ என்று வந்தது. சாகிற நேரத்தில் தாய்ப்பாசமாம்.

இந்த மொழிபெயர்ப்பாளருக்கு இனி வேலை தரக்கூடாது என்று அதிபர் மாளிகைக்கே மனு போட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் இந்த மாதிரிப் பிழை லேசில் கண்ணில் படும், கேலியும் செய்யலாம். கண்ணில் படாத ஒன்று இருக்கு. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. கொரிய மொழியில் யாரிடம் பேசுகிறோம் என்பதை வைத்து வினைச்சொல்லின் விகுதியே மாறும். படத்தில் சரிசமமாகப் பேசிக்கொள்ளும் கணவன் மனைவியை, அவன் ஒருமையிலும் அவள் மரியாதையோடும் பேச வைப்பது அங்கே நீண்டநாள் வழக்கம். அதைக் கண்டிக்கும் குரல்களும் உண்டு. (நம்ம டப்பிங் படங்களில் அவன் ‘வா’ என்பான், அவள் ‘வாங்க’ என்பாள். நமக்கு உறுத்துவதே இல்லை.) இதை அகராதி பார்த்துத் திருத்த முடியாது. எழுதுகிறவர் எடுக்கும் முடிவு அது.

அதனால்தான், ஆள் தேடுகிறவர்கள் ‘தாய்மொழி கொரியனா?’ என்று மட்டும் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த சப்டைட்டிலை எழுதியவரும் கொரியர்தானே! எழுத்து மொழிபெயர்ப்பும் மேடையில் நின்று வாய்மொழியாகச் சொல்வதும் ஒரே வேலையும் இல்லை. சியோலில் ஹான்குக் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் தனி மேற்படிப்பே நடத்துகிறது. பட்டம் இருந்தால் நல்லது. என்றாலும் நம் ஆவணத்தில் ஒரு பக்கத்தைக் காசு கொடுத்தே செய்யச் சொல்லி, அவர் திருப்பி என்ன கேட்கிறார் என்று பார்ப்பதைத்தான் நான் நம்புவேன்.

இதை வாசிக்கப்போவது யார்? எழுதியவரைவிட அவர் மூத்தவரா? பதவியில் பெரியவரா? இந்தச் சொல் விளையாட்டிலிருந்து வந்ததா, சும்மா பேச்சுவழக்கா? இப்படி ஒன்றுகூடக் கேட்காமல் மறுநாளே கோப்பு வந்து சேர்ந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு கொரியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க.