எழுபத்தைந்து சதவீதம்

நாம் காசு கொடுத்து வாங்கி, கையெழுத்தும் போட்டு, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பீரோவில் வைக்கும் ஒரே புத்தகம் கார் இன்ஷூரன்ஸ் பாலிசிதான். அதற்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. எழுதிப் பார்க்கலாமே.

வண்டலூர், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஜனங்களுக்கு இதை வாசிக்கும் கட்டாயம் இரண்டு முறை வந்தது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, அடையாறு தெருவுக்குள் வந்தபோது ஒரு தடவை. 2023 மிக்ஜாம் புயலில் மறுபடி. சீட்டுக்கு மேல் தண்ணீர் நின்ற பழைய காரை சர்வேயர் சுற்றிப் பார்த்து 'டோட்டல் லாஸ் சார்' என்கிறார். டோட்டலா? கார் முழுசாக நிற்கிறது. டேஷ்போர்டில் பிள்ளையார்கூட சேறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பாலிசியின் அகராதி வேறு. மீட்டு ரிப்பேர் பண்ணும் செலவு, ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் காலி. இது மெக்கானிக் கணக்கு இல்லை, குமாஸ்தா கணக்கு. அதே சேறு புதுக் காரில் புகுந்தால் ரிப்பேர். பழைய காரில் புகுந்தால் மரணம்.

அந்த மதிப்புக்கு ஐந்து வருஷம் வரை அட்டவணை இருக்கிறது. நாலிலிருந்து ஐந்து வயதுக்குள் பாதி போய்விடும். அதற்கு மேல்? கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்யவேண்டும் என்கிறது. புத்தகத்திலேயே மோசமான புனைவு இதுதான். யார் சார் பேசினோம்? ரெனியூவல் சமயத்தில் பிரீமியத்தில் சில நூறு மிச்சம் என்று மதிப்பைக் குறைத்தோமே, அதுதான் பேச்சுவார்த்தை!

நல்ல வாக்கியமும் ஒன்று உண்டு. டோட்டல் லாஸ் என்றால், பாலிசியில் போட்ட மதிப்பே அந்த வருஷம் முழுக்க மார்க்கெட் மதிப்பு; மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. 'உங்க வண்டி இன்னிக்கு அவ்வளவு போகாது சார்' என்று யாராவது இழுத்தால் இந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள்.

மதிப்பு 2 லட்சம், உடைசலுக்கு 60 ஆயிரம் விலை வந்திருக்கிறது என்று வெச்சுக்கங்க. வண்டியைக் கொடுத்துவிட்டால் மொத்தத்தில் 2 லட்சம், பாலிசிப்படி கழிவது போக. வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் சுமார் 1,40,000. மோதி ஒரு பக்கம் நசுங்கி, இன்ஜின் நன்றாக இருந்து, நம்பகமான மெக்கானிக்கும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் முங்கிய காருக்கு என் ஓட்டு கிடையாது. ஒயரிங்குக்குள் போன ஈரம் ஆறு மாசம் கழித்து நட்டநடு ரோட்டில் பேசும். (தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். இன்ஜின் போனால், அதற்கென்று தனி கவர் எடுக்காதவருக்குப் பெரும்பாலும் கைவிரிப்புதான்.)

கொடுப்பதென்றால் ஆர்.சி. விஷயத்தில் பெருந்தன்மை வேண்டாம். உடைந்த காரின் சேஸிஸ் நம்பரைத் திருட்டுக் காருக்கு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி பெயர் மாறாமல் ஓடி யார் மேலாவது மோதினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி ஓடாத வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கவேண்டும். வாங்க வருகிறவர் 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்' என்பார். ரத்தான காகிதம் கைக்கு வரட்டும், அப்புறம் சாவியைக் கொடுங்கள்.