ஃபிலியஸ் ஃபாக்கின் பணப்பை

ழூல் வெர்னின் 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' (1873) நாவலை எல்லாரும் வேகத்துக்காகப் படிக்கிறோம். எனக்கு இடிப்பது ஃபாக் தூக்கிக்கொண்டு போகிற பை. உள்ளே 20,000 பவுண்டு, இங்கிலாந்து வங்கி நோட்டுகளாக. எந்த நாட்டிலும் செல்லும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வெர்ன் நகர்ந்துவிடுகிறார்.

அலகாபாத் போகும் வழியில் ஃபாக் 2,000 பவுண்டுக்கு யானை வாங்குகிறார். அன்றைய மதிப்பில் சுமார் 20,000 ரூபாய். காட்டோர கிராமத்து யானைக்காரர் அந்த நோட்டை எங்கே போய் மாற்றுவார்? நிஜ நிலவரம் இதுதான்: 1861 சட்டப்படி அரசாங்கம் வெளியிட்ட இந்திய நோட்டுக்கே அதன் வட்டத்துக்குள்தான் சட்ட மதிப்பு. மெட்ராஸ் வட்ட நோட்டை அலகாபாத்தில் வாங்க யாருக்கும் கட்டாயமில்லை.

தேதிக் கோட்டில் மிச்சமாகும் ஒரு நாளை வைத்துக் கதையையே முடிக்கிறவர், நாணய மாற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பேரரசின் நோட்டு எங்கும் செல்வதை இயற்கை விதி மாதிரி காட்டுகிறார். நாவலின் பெரிய ஓட்டை இது.

நமக்கும் இன்று அதே மயக்கம் இருக்கு. பள்ளிப்பட்டு டீக்கடையில் ஸ்கேன் பண்ற போன், ஆந்திர எல்லை தாண்டினாலும் வேலை செய்யும். கடல் தாண்டினால் கதை வேறு. இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து யூபிஐ உண்டு. ஆனால் ஏற்பாட்டில் சேர்ந்த கடைகளில் மட்டும். ஆட்டோவுக்குக் கொடுக்கக் கொஞ்சம் இலங்கை ரூபாய் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.